அழித்தது அழிந்ததா? அச்சுக்குத் தயாரான கோப்பில் ஒரு பெயரைத் திருத்துவது பற்றி

யாழ்ப்பாணத்தில் ஒரு சிறிய அச்சகத்தில் பல வருடங்களாகப் பக்க வடிவமைப்புச் செய்துவருகிறேன். திருமண அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், பாடசாலை மலர் என்று எல்லாம் எங்களிடம் வரும். எந்த வேலையிலும் பிழை வரக்கூடாது என்றாலும், கல்வெட்டு என்றால் கை ஒருமுறை நின்றுதான் நகரும். 31ஆம் நாளில் கொடுக்கப்படும் நினைவு மலரைத்தான் எங்கள் ஊரில் கல்வெட்டு என்கிறோம். திருமண அழைப்பிதழில் பிழை வந்தால் திட்டு விழும். கல்வெட்டில் ஒரு பெயர் பிழைத்தால், அந்தப் பிழை அந்தக் குடும்பத்தின் வீட்டில் தலைமுறை தலைமுறையாக இருக்கும்.

ஒரு நாள் பின்னேரம், அச்சகம் பூட்டும் நேரத்தில், எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா மகளுடன் வந்தார். கையில் ஒரு பென் டிரைவ். அவருடைய கணவரின் கல்வெட்டு அதில் இருந்தது. வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவர் 32 பக்கங்களையும் வடிவமைத்து, பிடிஎப் கோப்பாக அனுப்பியிருந்தார். “அப்படியே அடிச்சால் சரியாம்” என்றார் மகள். ஆனால், அம்மாவின் கையில் கொமினிகேசனில் எடுத்த பிரதி ஒன்றும் இருந்தது. வம்சாவளிப் பக்கத்தில் இரண்டு இடங்களைப் பேனாவால் வட்டமிட்டிருந்தார்.

முதலாவது, மூன்றாவது மகனின் பெயர். ‘ரூ’ வரவேண்டிய இடத்தில் ‘றூ’ வந்திருந்தது. பிறப்புச் சான்றிதழில் ‘ரூ’. இத்தனை வருடமாகக் கொடுத்த முறைப்பாடுகள் எல்லாவற்றிலும் ‘ரூ’.

இரண்டாவது, அந்தப் பெயருக்கு முன்னால் இருந்த ‘அமரர்’ என்ற சொல். 2009 மே மாதம் வட்டுவாகலைக் கடந்து வந்த பிறகு அந்த மகனை அவர் காணவில்லை.

“தம்பி, இந்தச் சொல்லை எடுத்துவிடுங்கோ” என்றார் அம்மா. “அவன்ர அப்பா செத்தது உண்மை. அவனைப் பற்றி எனக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை.”

வடிவமைத்த உறவினரிடம் தொலைபேசியில் கேட்டோம். அவருடைய மடிகணினி பழுதாகி, மூலக் கோப்பு போய்விட்டது. இருப்பது பிடிஎப் மட்டும்தான். 31ஆம் நாளுக்கு இன்னும் இரண்டு நாட்கள் இருந்தன.

ஒரு சொல்லை எடுப்பதும் ஓர் எழுத்தை மாற்றுவதும் பெரிய வேலையா என்று வாசிப்பவர்களுக்குத் தோன்றலாம். அந்த இரவு நான் செய்த பிழைகளையும் பிறகு செய்த சரியையும் வைத்து, இந்த விடயத்தை விளக்க விரும்புகிறேன். எங்கள் மக்களிடம் இன்று எத்தனையோ முக்கியமான ஆவணங்கள் பிடிஎப் வடிவில் இருக்கின்றன. கல்வெட்டுகள், காணாமல் ஆக்கப்பட்டோரின் பெயர்ப் பட்டியல்கள், சாட்சியங்கள், ஊர் மலர்கள். இவற்றில் கண்ணுக்குத் தெரிவதும் கோப்புக்குள் இருப்பதும் ஒன்றல்ல. இதைத் தெரிந்திருப்பது அச்சகத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் உரிய அறிவு அல்ல.

பிடிஎப் எப்படிப்பட்ட கோப்பு?

பிடிஎப்பை அடோபி நிறுவனம் 1993இல் வெளியிட்டது. 2008இல் அது சர்வதேசத் தரமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதன் நோக்கம் ஒன்றுதான்: எந்தக் கணினியில் திறந்தாலும், எந்த இயந்திரத்தில் அச்சிட்டாலும், பக்கம் ஒரே மாதிரி இருக்கவேண்டும்.

அந்த நோக்கத்துக்காக அது ஒரு விலையைக் கொடுக்கிறது. வேர்ட் கோப்பில் ‘இது ஒரு பந்தி, இது ஒரு வரி’ என்ற அறிவு இருக்கும். ஒரு சொல்லை அழித்தால் மற்றச் சொற்கள் நகர்ந்து வந்து இடத்தை நிரப்பும். பெரும்பாலான பிடிஎப் கோப்புகளில் அந்த அறிவு இல்லை. ‘இந்த எழுத்துருவில் இருக்கும் இந்த வடிவத்தை, பக்கத்தின் இந்த இடத்தில் வை’ என்ற கட்டளைகள்தான் வரிசையாக இருக்கும். ஈய எழுத்துகளைக் கோத்து அச்சடித்த காலத்தை அறிந்தவர்களுக்கு இது இலகுவில் விளங்கும். வேர்ட் கோப்பு என்பது எழுதுபவரின் கைப்பிரதி. பிடிஎப் என்பது கோத்து, இறுக்கிக் கட்டி, இயந்திரத்தில் ஏற்றத் தயாராக இருக்கும் பக்கம். அந்தக் கட்டுக்குள் ஓர் எழுத்தை மாற்றலாம். ஆனால், பக்கத்து எழுத்துகள் தாமாக நகராது. மாற்றவேண்டிய எழுத்து பெட்டியில் இருக்கவும் வேண்டும்.

எழுத்துரு உள்ளே இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது?

எழுத்துருவை அச்சகத்தில் நாங்கள் பொன்ட் என்போம். பிடிஎப் தயாரிக்கும்போது அந்தப் பொன்ட்டைக் கோப்புக்குள்ளேயே வைத்து அனுப்பலாம். இதுதான் உட்பொதித்தல். அப்படி வைத்தால், பெறுபவரின் கணினியில் அந்தப் பொன்ட் இல்லாவிட்டாலும் பக்கம் சரியாகத் தெரியும், சரியாக அச்சாகும். அச்சு வேலைக்கென்று 2001இல் வந்த பிடிஎப் எக்ஸ்-1ஏ என்ற தரமும், நீண்டகாலச் சேமிப்புக்கென்று 2005இல் வந்த பிடிஎப் ஏ என்ற தரமும் எழுத்துருக்கள் உட்பொதிக்கப்பட்டிருக்கவேண்டும் என்று கட்டாயமாகக் கேட்கின்றன.

ஒரு கோப்பில் எந்த எழுத்துருக்கள் இருக்கின்றன என்று பார்ப்பது சுலபம். இலவசமாகக் கிடைக்கும் அக்ரோபாட் ரீடரில் கோப்பைத் திறந்து, பைல் பட்டியலில் புறொப்பட்டீஸ் என்பதை அழுத்தி, பொன்ட்ஸ் என்ற பக்கத்துக்குப் போங்கள். ஒவ்வொரு எழுத்துருவின் பெயருக்குப் பக்கத்திலும் மூன்றில் ஒரு நிலையைக் காண்பீர்கள்.

எம்பெடட் என்று மட்டும் இருந்தால், முழு எழுத்துருவும் உள்ளே இருக்கிறது.

எம்பெடட் சப்செட் என்று இருந்தால், அந்தக் கோப்பில் பயன்பட்ட எழுத்து வடிவங்கள் மட்டும் உள்ளே இருக்கின்றன. கோப்பின் அளவைக் குறைப்பதற்காகப் பெரும்பாலான மென்பொருள்கள் இப்படித்தான் செய்கின்றன. கோப்புக்குள் அந்த எழுத்துருவின் பெயருக்கு முன்னால் ஆறு ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் ஒரு கூட்டல் குறியும் ஒட்டப்பட்டிருக்கும். சில மென்பொருள்கள் பெயரை அப்படியே காட்டும்.

எதுவுமே எழுதப்படவில்லை என்றால், எழுத்துரு உள்ளே இல்லை. உங்கள் கணினியில் அது இருப்பதால் உங்களுக்குச் சரியாகத் தெரிகிறது. அச்சகத்தின் கணினியில் அது இல்லாவிட்டால் வேறு எழுத்துரு அந்த இடத்துக்கு வரும். தமிழ்ப் பக்கம் முழுவதும் ஆங்கில எழுத்துகளாகவும் குறிகளாகவும் மாறி நிற்பதை நீங்கள் எங்காவது கண்டிருந்தால், பெரும்பாலும் காரணம் இதுதான்.

அந்த அம்மா கொண்டுவந்த கோப்பில் வம்சாவளிப் பக்கத்துக்கு மட்டும் ஒரு தனி எழுத்துரு பாவிக்கப்பட்டிருந்தது. அது பாமினி வகையைச் சேர்ந்த, சற்றுத் தடித்த எழுத்துரு. எங்கள் கணினியில் அது இல்லை. கோப்பில் சப்செட் ஆக இருந்தது. அந்தப் பக்கத்தில் இருந்த அறுபது எழுபது பெயர்களில் ஒன்றில்கூட ‘ரூ’ இல்லை. எனவே, அந்த வடிவம் கோப்புக்குள் வரவே இல்லை. பாமினியில் ‘றூ’ என்பது ‘று’வுடன் ஒரு வாலைச் சேர்த்து எழுதப்படுவது. ‘ரூ’ தனி வடிவம். அந்த ஒற்றை வடிவம் இல்லாதபடியால் அந்தப் பிள்ளையின் பெயரை அந்தக் கோப்புக்குள் எழுத வழி இல்லை.

பாமினி தருகின்ற இரண்டாவது சிக்கல்

இலங்கைத் தமிழ் அச்சுலகம் நீண்டகாலம் பாமினியில் ஓடியது. பேஜ்மேக்கரிலும் கோரல் ட்ரோவிலும் அதுதான் பழக்கம். இன்றும் பல அச்சகங்களில் அதைவிட மனமில்லை. அதைக் குறைசொல்ல நான் வரவில்லை. நானும் அதில்தான் தொழில் பழகினேன். ஆனால், பாமினி எப்படி வேலைசெய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளவேண்டும்.

பாமினியில் தட்டச்சு செய்யும்போது கணினி தமிழ் எழுத்தைச் சேமிப்பதில்லை. ஆங்கில எழுத்தைச் சேமித்துவிட்டு, அதன் இடத்தில் தமிழ் வடிவம் ஒன்றைக் காட்டுகிறது. ‘தமிழ்’ என்ற சொல் கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத்தான் இருக்கும். ‘கெ’ என்று எழுதினால் கொம்பு முதலிலும் ‘க’ பிறகுமாக, கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கில் சேமிக்கப்படும்.

ஒருங்குறி எனப்படும் யூனிகோட் இதற்கு மாறானது. அதில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனக்கென ஓர் எண் உண்டு. ‘கெ’ என்பதில் ‘க’ முதலிலும் எகரக் குறி பிறகும் சேமிக்கப்படும். திரையில் காட்டும்போதுதான் கொம்பு முன்னால் வரும். எழுத்துருவை மாற்றினாலும் எழுத்து மாறாது.

தாளில் இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும். வித்தியாசம் தேடும்போது தெரியும். பாமினியில் செய்த பிடிஎப்பை இணையத்தில் போட்டால், அதில் இருக்கும் பெயரைத் தமிழில் தேடும் ஒருவருக்கு அது அகப்படாது. இடம்பெயர்ந்து, தொடர்பற்றுப்போன உறவுகளைப் பழைய கல்வெட்டின் வம்சாவளியை வைத்துத் தேடிக் கண்டுபிடித்தவர்களை எனக்குத் தெரியும். வெளிநாட்டில் இருந்துகொண்டு தன் பெரியப்பாவின் பெயரைத் தேடும் ஒரு பிள்ளைக்கு அந்தப் பக்கம் அகப்படவேண்டும் என்றால், பெயர் ஒருங்குறியில் இருக்கவேண்டும்.

ஒருங்குறியில் செய்த பிடிஎப் எல்லாமே தேடலுக்கு அகப்படும் என்றும் சொல்லமுடியாது. எந்த வடிவம் எந்த எழுத்தைக் குறிக்கிறது என்ற அட்டவணை ஒன்றும் பிடிஎப்புக்குள் இருக்கவேண்டும். அது இல்லாமலோ குழம்பியோ இருந்தால், படியெடுத்து ஒட்டும்போது கொம்புகளும் புள்ளிகளும் இடம்மாறி வரும். எனவே, கோப்பு தயாரானதும் ஒரு பெயரைத் தெரிவுசெய்து, படியெடுத்து, வேறோர் இடத்தில் ஒட்டிப் பாருங்கள். அதே பெயர் வந்தால் நல்லது.

வெள்ளைப் பெட்டி

அன்றிரவு என்னுடன் வேலைசெய்யும் பொடியன் சொன்னான்: “அண்ணை, மேல ஒரு வெள்ளைப் பெட்டி வைச்சு மறைச்சால் சரிதானே.”

நானும் அதைத்தான் முதலில் செய்தேன். ‘அமரர்’ என்ற சொல்லுக்கு மேல் வெள்ளை நிறத்தில் ஒரு பெட்டி. திரையில் சொல் மறைந்துவிட்டது. சும்மா ஒரு சந்தேகத்தில் அந்த இடத்தைத் தெரிவுசெய்து, படியெடுத்து, ஒட்டிப் பார்த்தேன். எம், கே, யு, யு, அரைப்புள்ளி என்று வந்தது. பாமினியோடு பழகியவர்களுக்கு அதை வாசிக்க மாற்றி தேவையில்லை. ‘அமரர்’ என்ற சொல் அந்தப் பிள்ளையின் பெயருக்கு முன்னால் அப்படியே இருந்தது.

அச்சிடுவதற்கு அது போதாதா என்று கேட்கலாம். போதாது. இரண்டு காரணங்கள்.

ஒன்று, அச்சில் ‘ஓவர்பிறின்ட்’ என்ற அமைப்பு இருக்கிறது. ஒரு நிறத்தைக் கீழே இருப்பதை வெட்டாமல் அதன் மேலேயே அச்சிடச் சொல்வது அது. வெள்ளை என்பது மை அல்ல. மை இல்லாத தாள். வெள்ளைப் பெட்டிக்குத் தவறுதலாக ஓவர்பிறின்ட் போடப்பட்டிருந்தால், திரையில் மறைந்த சொல் தாளில் வெளியே வந்துவிடும். முந்நூறு பிரதி அடித்து முடிந்த பிறகுதான் தெரியவரும்.

இரண்டு, இன்று கல்வெட்டு தாளோடு முடிவதில்லை. அதே பிடிஎப் வட்ஸ்அப்பில் உறவினர்களுக்குப் போகும். நூலகம் இணையத்தளம் போன்ற எண்ணிமச் சேகரிப்புகளுக்கும் போகலாம். 2005இல் தொடங்கிய அந்தச் சேகரிப்பில் நினைவு மலர்களுக்கும் இடம் உண்டு. அங்கே போகும் கோப்பில், தாய் மறுத்த சொல் வெள்ளைப் பெட்டிக்குக் கீழே இருந்துகொண்டே இருக்கும்.

பெட்டியை எடுத்துவிட்டு, அக்ரோபாட் புறோவின் திருத்தும் வசதியால் அந்தச் சொல்லையே அழித்தேன். அழிப்பதற்கு எழுத்துரு தேவையில்லை. ஆனால், இதிலும் ஒரு விடயம் உண்டு. பிடிஎப்பைச் சாதாரணமாகச் சேமிக்கும்போது, சில மென்பொருள்கள் பழையதை அழிக்காமல் மாற்றங்களைக் கோப்பின் கடைசியில் சேர்த்துவிடும். பழைய பக்கம் உள்ளே தங்கியிருக்கலாம். நுட்பம் தெரிந்தவர் அதை மீட்கலாம். எனவே, திருத்தி முடிந்ததும் ‘சேவ் அஸ்’ கொடுத்துப் புதிய பெயரில் சேமிப்பது நல்லது. அப்போது கோப்பு முழுவதும் புதிதாக எழுதப்படும்.

‘ரூ’வுக்கு என்ன செய்தேன்

முதலில் எங்களிடம் இருந்த சாதாரண பாமினியில் அந்த ஒற்றை எழுத்தை மாற்றிப் பார்த்தேன். எழுத்து வந்தது. ஆனால், தடிப்புக் குறைவு. அகலமும் வேறு. அடுத்த எழுத்துடன் முட்டியது. ஒரு பக்கம் நிறையப் பெயர்கள் இருக்க, அந்தப் பெயர் மட்டும் ஒட்டுப்போட்டது மாதிரித் தெரிந்தது. அதைக் காட்டியபோது அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மகள்தான் சொன்னார்: “அண்ணா, தம்பியின்ர பேர் மட்டும் வேற மாதிரிக் கிடக்கு.”

பெட்டிக்குள் எழுத்து இல்லாதபோது ஒட்டுப்போடுவதைவிடப் பக்கத்தையே புதிதாகக் கோப்பதுதான் ஒழுங்கான வேலை. வம்சாவளிப் பக்கம் முழுவதையும் ஒருங்குறி எழுத்துரு ஒன்றில் திரும்பத் தட்டச்சு செய்தேன். மற்றப் பக்கங்களின் தலைப்பு அளவையும் ஓரங்களையும் அளந்து, அதேமாதிரி அமைத்தேன். எழுத்துருவை உட்பொதித்து, ஒரு பக்கப் பிடிஎப்பாக எடுத்தேன். பிறகு 32 பக்கக் கோப்பில் பழைய பக்கத்தை எடுத்துவிட்டு, புதியதை அந்த இடத்தில் வைத்தேன். ஒரு பக்கத்துக்குப் பதிலாக ஒரு பக்கம் என்பதால் மற்றப் பக்கங்களின் ஒழுங்கு குழம்பவில்லை. நடுவில் பின் அடிக்கும் புத்தகத்தில் பக்க எண்ணிக்கை நான்கால் பிரிபடவேண்டும். ஒரு பக்கம் கூடினாலோ குறைந்தாலோ எல்லாம் பிழைத்துவிடும்.

அறுபது எழுபது பெயர்களைத் திரும்பத் தட்டச்சு செய்தால் புதிய பிழைகள் வரலாம். அதனால் ஒரு பிரதி எடுத்து, மகளை வாசிக்கச் சொல்லி, அம்மாவைக் கேட்கச் சொன்னேன். ஒவ்வொரு பெயருக்கும் அம்மா தலையசைத்தார். மூன்றாவது மகனின் பெயர் வந்தபோது, “ரூ” என்று தானும் ஒருமுறை சொன்னார்.

உங்களிடம் இப்படி ஒரு கோப்பு வந்தால்

முதலில் மூலக் கோப்பைத் தேடுங்கள். வேர்ட், இன்டிசைன், பேஜ்மேக்கர் எதுவானாலும் பரவாயில்லை. மூலத்தில் திருத்திப் புதிய பிடிஎப் எடுப்பதுதான் எப்போதும் சிறந்த வழி. பிடிஎப்பைத் திருத்துவது வேறு வழி இல்லாதபோது செய்யவேண்டியது.

மூலம் இல்லாவிட்டால், பிடிஎப்பை ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, பிரதியில் மட்டும் கைவையுங்கள். எழுத்துருக்களின் நிலையைப் பாருங்கள். அதே எழுத்துரு உங்கள் கணினியில் இருந்தால் சிறிய திருத்தங்கள் சாத்தியம். பெயர் ஒன்றாக இருந்தாலும் பதிப்பு வேறாக இருக்கலாம் என்பதால், திருத்திய வரியைப் பெரிதாக்கிப் பக்கத்து வரியுடன் ஒப்பிடுங்கள்.

லிப்ரே ஒபிஸ் ட்ரோ இலவசமானது. பிடிஎப்பைத் திறந்து திருத்தும். ஆனால், ஒவ்வொரு வரியையும் துண்டு துண்டான பெட்டிகளாகப் பிரித்துவிடும். எழுத்துரு உங்கள் கணினியில் இல்லாவிட்டால் வேறொன்றை வைத்துக்கொள்ளும். பாமினிக் கோப்பாக இருந்தால் பக்கம் முழுவதும் ஆங்கில எழுத்துகளாகிவிடும். அந்த நிலையில் சேமிக்காதீர்கள்.

எழுத்துகள் கோடுகளாக, அதாவது ‘கேர்வ்ஸ்’ ஆக மாற்றப்பட்ட கோப்புகளும் வரும். எழுத்துருப் பிரச்சினை வரக்கூடாது என்று கோரல் ட்ரோவில் பலரும் இப்படிச் செய்வார்கள். அச்சுக்கு அது பாதுகாப்பானது. ஆனால், அதில் எழுத்து என்று ஒன்றும் இல்லை, வெறும் படம். திருத்தவும் முடியாது, தேடவும் முடியாது. அப்படியான கோப்பை அச்சுக்கு மட்டும் கொடுங்கள். சேமித்து வைப்பதற்கு வேறொன்றை வைத்திருங்கள்.

வேர்ட்டில் இருந்து பிடிஎப் எடுப்பவர்கள், சேமிக்கும்போது ஒப்ஷன்ஸ் என்பதை அழுத்தி, பிடிஎப் ஏ என்பதைத் தெரிவுசெய்யுங்கள். எழுத்துருக்கள் உள்ளே போய்விடும். வேர்ட் தரும் கறுப்பு சில வேளை நான்கு மைகளின் கலவையாக மாறிவிடும். சிறிய எழுத்துகள் மங்கலாக வருவதற்கு அது காரணமாகலாம். எழுத்து கறுப்பு மையில் மட்டும் வருகிறதா என்று அச்சகத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கை. இங்கே சொன்னவை எல்லாம் உங்கள் குடும்பம் தயாரித்த, உங்களுக்கு உரிமையான ஆவணங்களுக்குத்தான். சான்றிதழ், காணி உறுதி, அரச கடிதம் போன்றவற்றின் பிடிஎப்பில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாதீர்கள். அதில் இருப்பது உண்மையிலேயே பிழையாக இருந்தாலும், நீங்கள் திருத்தினால் அது போலி ஆவணமாகிவிடும். வழங்கிய அலுவலகத்திலேயே திருத்தம் கேட்கவேண்டும்.

மறைக்கவேண்டிய பெயர்கள்

வெள்ளைப் பெட்டியின் பாடம் கல்வெட்டோடு நிற்பதில்லை. சாட்சியங்களையும் முறைப்பாடுகளையும் வெளியிடுகின்ற அமைப்புகளும் குடும்பங்களும் சாட்சியின் பெயரையும் முகவரியையும் கறுப்புப் பெட்டியால் மறைப்பதைக் காண்கிறோம். அந்தப் பெட்டிக்குக் கீழே எழுத்து இருந்தால், யார் வேண்டுமானாலும் அதைத் தெரிவுசெய்து, படியெடுத்து வாசிக்கலாம். தாளில் அச்சிட்டு, கறுப்பு மையால் பூசி, ஸ்கான் செய்த காலத்துப் பழக்கத்தை அப்படியே கணினிக்குக் கொண்டுவந்ததால் வருகின்ற ஆபத்து இது. பிழையான பெயரால் ஒரு தாயின் மனம் நோகும். மறையாத பெயரால் ஓர் உயிருக்கே ஆபத்து வரலாம்.

அக்ரோபாட் புறோவில் இதற்கென்றே ‘றிடாக்ட்’ என்ற கருவி இருக்கிறது. அது மூடுவதில்லை, கீழே இருக்கும் எழுத்தையே நீக்குகிறது. இடத்தைக் குறித்தால் மட்டும் போதாது, ‘அப்ளை’ என்பதையும் அழுத்தவேண்டும். கோப்பில் மறைந்திருக்கும் தகவல்களை நீக்கும் வசதியும் அதனுடன் உண்டு. தயாரித்தவரின் பெயர், கருத்துக் குறிப்புகள் போன்றவை புறொப்பட்டீஸ் பகுதியிலும் பிற இடங்களிலும் இருக்கக்கூடும், அவற்றையும் நீக்குங்கள். அந்த மென்பொருள் இல்லாதவர்கள் மூலக் கோப்பிலேயே பெயரை அழித்து, அதற்குப் பதிலாக ‘பெயர் நீக்கப்பட்டுள்ளது’ என்று எழுதி, புதிய பிடிஎப் எடுக்கலாம். அல்லது பக்கத்தை அச்சிட்டு, மறைத்து, படமாக ஸ்கான் செய்யலாம். எந்த வழியானாலும், வெளியிடுவதற்கு முன்னர் அந்தப் பெயரைக் கோப்புக்குள் தேடிப் பாருங்கள்; மறைத்த இடத்தைப் படியெடுத்து ஒட்டியும் பாருங்கள்.

அடுத்த முறைக்கு

அந்த வேலைக்குப் பிறகு எங்கள் அச்சகத்தில் சில விடயங்களை வழக்கமாக்கியிருக்கிறேன்.

கல்வெட்டு வேலை வந்தால், எல்லாப் பெயர்களையும் முதலில் ஒரு தாளில் குடும்பத்தவரின் கையெழுத்தில் எழுதித் தரச்சொல்கிறேன். யாருக்கு முன்னால் ‘அமரர்’ வரவேண்டும், யாருக்கு வரக்கூடாது என்பதையும் அவர்களையே குறிக்கச் சொல்கிறேன். எங்கள் மண்ணில் அதை வடிவமைப்பாளர் ஊகிக்கக்கூடாது.

பெயர்களை ஒருங்குறியில்தான் தட்டச்சு செய்கிறேன். அச்சுக்குப் பாமினி வேண்டும் என்றால், மாற்றியின் மூலம் பிறகு மாற்றிக்கொள்ளலாம். மாற்றிகள் கிரந்த எழுத்துகளிலும் ‘ஸ்ரீ’யிலும் சில வேளை தடுமாறும், அவற்றைக் கண்ணால் பார்க்கவேண்டும்.

எழுத்துருவை உட்பொதிக்கும்போது, உரிமம் அனுமதித்தால், முழுமையாக உட்பொதிக்கிறேன். இன்டிசைனில் சப்செட் அளவைக் கேட்கும் இடத்தில் நூறு என்று இருக்கும். அதை மிகக் குறைந்த எண்ணாக மாற்றினால், பாமினி போன்ற சிறிய எழுத்துருக்கள் முழுதாக உள்ளே போகும். கோப்பு சற்றுப் பெரிதாகும். ஆனால், நாளைக்கு ஒரு ‘ரூ’ தேவைப்பட்டால் அது பெட்டிக்குள் இருக்கும்.

லிப்ரே ஒபிஸ் பாவிப்பவர்களுக்கு இன்னும் நல்ல வசதி ஒன்று உண்டு. பிடிஎப் எடுக்கும்போது ‘ஹைபிரிட் பிடிஎப்’ என்பதைத் தெரிவுசெய்தால், மூலக் கோப்பும் பிடிஎப்புக்குள்ளேயே சேர்ந்து போகும். பார்ப்பவர்களுக்கு அது சாதாரண பிடிஎப். லிப்ரே ஒபிஸில் திறப்பவருக்கு அது திருத்தக்கூடிய மூலம். மடிகணினி பழுதாகினாலும் மூலம் தப்பியிருக்கும்.

வேலை முடிந்ததும் குடும்பத்துக்குப் பிரதிகளுடன் மூலக் கோப்பையும், பிடிஎப்பையும், பெயர்கள் மட்டும் உள்ள சாதாரண எழுத்துக் கோப்பு ஒன்றையும் கொடுக்கிறேன். ஒன்றை உள்ளூரிலும் ஒன்றை வெளியூரிலும் வைத்திருங்கள் என்று சொல்கிறேன். வீட்டையும் அல்பங்களையும் உறுதிகளையும் ஒரே நாளில் விட்டுவிட்டு வந்தவர்களுக்கு, ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைத்திருப்பதன் ஆபத்தை நான் விளக்கவேண்டியதில்லை.

அந்தக் கல்வெட்டு 31ஆம் நாள் காலையில் குறித்த நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அனுப்புவதற்கு முன்னர், கடைசிக் கோப்பைத் திறந்து, அந்த மகனின் பெயரைத் தமிழில் தட்டச்சு செய்து தேடிப் பார்த்தேன். ஓர் இடத்தில் அகப்பட்டது. அதற்கு முன்னால் எந்தச் சொல்லும் இல்லை. ‘ரூ’ சரியாக இருந்தது. அதே கோப்பைத்தான் வட்ஸ்அப்பில் மகளுக்கும் அனுப்பினேன்.